எழுவான்கரைக்கு வந்த சீமைத்தக்காளி

நாம் இன்று தக்காளி என அழைக்கும் கனிக்கு அப்பெயர் இரவலாகக் கிடைத்தது. வேலியோரத்தில் தானாக முளைத்துக் கறுத்த சிறு மணிகளைத் தரும் மணத்தக்காளியும், மெல்லிய தோலுறையினுள்ளே கனியை ஒளித்து வைத்திருக்கும் சொடக்குத் தக்காளியுமே நாட்டு வைத்தியர் அறிந்த தக்காளிகள். பின்னர் வந்த செந்நிறக் கனியை அவற்றினின்றும் வேறுபடுத்திக் காட்டுதற்காகச் சீமைத்தக்காளி என்றனர். சீமையிலிருந்து வந்தது என்பதே பொருள். காலம் செல்லச் செல்லச் சீமை உதிர்ந்தது. வந்த கனி தக்காளி ஆயிற்று. பெயருக்கு உரிய செடிகளோ மண என்றும் சொடக்கு என்றும் அடைமொழி ஏந்தி நிற்கின்றன. விருந்தாளி திண்ணையைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்ற கதை இது.

மேலைக் கடலோடிகளால் பரவிய பிற பயிர்களின் பெயர்களை இதனோடு ஒப்புநோக்குதல் சுவையானது. அன்னாசி போர்த்துக்கேயர் நாவில் வழங்கிய பெயரோடு வந்தது. பப்பாசியும் அவ்வாறே. மிளகாய்க்கு மாத்திரம் நம்மவர் தம் மிளகின் பெயரைக் கொடுத்தனர். தக்காளியும் மிளகாயைப் போல நம் பெயரையே பெற்றது. சிங்கள மக்களும் இதனைத் தக்காளி என்றே வழங்குகின்றனர். துரைமார் சொல்லிக்கொடுத்த பெயரை ஏற்காது, இலையையும் பூவையும் உற்றுப் பார்த்து, இது நம் வேலித் தக்காளியின் இனம் என்று கண்டுகொண்ட ஒருவரே இதற்குப் பெயரிட்டிருத்தல் வேண்டும் என்று நான் கருதுகின்றேன். தாவரநூலாரும் மணத்தக்காளியையும் தக்காளியையும் கத்தரியையும் ஒரே இனத்தில் அடக்குகின்றனர். பெயரிட்ட கை படித்த கையோ அன்றோ, பார்த்த கண் தேர்ந்த கண்.

மட்டக்களப்பு வாவிக்கரையின் சுடுமணலில் இக்கனி எவ்வாறு குடியேறியது, இங்கே அது எதனாற் சுவைத்தது, அச்சுவை இன்று எங்கே ஒதுங்கியிருக்கின்றது என்பனவே இப்பேச்சிற் சொல்ல எடுத்துக்கொண்டவை.

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குக் கரை. பேரு, எக்குவடோர் முதலிய நாடுகளில், ஒருபுறம் கடலும் மறுபுறம் அந்தீசு மலையுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், அதன் காட்டு உறவினங்கள் இன்றும் தாமாக வளர்கின்றன. அக்கரையின் பெரும்பகுதி மழை காணாப் பாலைநிலம். பனித்துளியை உண்டு வாழும் இனமொன்றும் அவற்றுள் உண்டு. பசிபிக் கடலின் நடுவே கலாபகஸ் தீவுகளில் ஓர் இனம் கடல்நீர் தெறிக்கும் பாறை இடுக்குகளிலே காய்க்கின்றது. இத்தீவுச் செடியின் விதை எளிதில் முளையாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் றிக் என்னும் அறிஞர், அத்தீவுகளின் பேராமைகளுக்குப் பழத்தை உண்ணக் கொடுத்து, அவற்றின் வயிற்றினூடாகச் சென்று வெளிவந்த விதைகள் நன்கு முளைப்பதை 1961ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆமை மெல்ல நடந்து விதைத்த தோட்டம் அது. இதனை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மணலும் உப்புக்காற்றும் தக்காளிக்கு ஆகாது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அதன் பாட்டன் பூட்டன் பிறந்ததும் வளர்ந்ததும் மணலிலும் உப்புக்காற்றிலுந்தான்.

காட்டுச்செடியைத் தோட்டச்செடியாக்கிய பெருமை மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடிகளையே பெரிதும் சாரும். அவர்தம் மொழியில் தொமாத்தல் என வழங்கிய பெயரே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. 1521ஆம் ஆண்டில் எசுப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னர் விதை கடல் கடந்தது. 1544ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். இத்தாலியர் பின்னர் இதனைப் பொன் ஆப்பிள் என்றனர். நச்சுச்செடிகளின் உறவு என்று அஞ்சி வடவைரோப்பியர் நெடுங்காலம் இதனை அழகுக்காகவே வளர்த்தனர்.

1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1628ஆம் ஆண்டில் நம் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டு சென்று, 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1795ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை மூன்று கொடிகளைக் கண்டது. அதன் மதிலுக்கு வெளியே இருந்த அடுப்பங்கரைகள் அவ்வளவு விரைவில் மாறவில்லை. மிளகாயை உடனே ஏற்றுக்கொண்ட நம் மக்கள் தக்காளிக்கு அத்துணை அவசரம் காட்டாமைக்குக் காரணம் எளிது. மிளகு கொண்டு உறைப்புச் சேர்த்தவர்க்கு மிளகாய் மலிவான மாற்று. புளிப்பிற்கோ நமக்குக் குறைவே இருந்ததில்லை. பழப்புளி, கொறுக்காய்ப்புளி, தேசிக்காய், மாங்காய், பிலிம்பிக்காய் என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு புளிப்பு இருந்தது. வாவி மீனுக்குப் பழப்புளியைக் கரைத்து ஆணம் வைத்தவளிடம் நீர் ததும்பும் புதுக்கனி ஒன்றைக் கொடுத்து இதனைப் போட்டுப் பார் என்றால் அவள் ஏன் போடுவாள்?

இது நமக்கு மாத்திரம் உரிய நிலையன்று. ஜோர்ஜ் வாற் என்பவர் 1889ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதியிலே, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுவதாகவும், நாட்டு மக்கள் அப்போதுதான் அதனை விரும்பத் தொடங்குவதாகவும், வங்காளரும் பர்மியரும் தம் புளிக்கறிகளிற் சேர்ப்பதாகவும் எழுதியிருக்கின்றார். இன்று தக்காளியின்றி இரசமும் இல்லை, சொதியும் இல்லை என்னும் நிலையைப் பார்க்கும்போது, இது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள்ளே நிகழ்ந்த மாற்றம் என்பது வியப்பைத் தருகின்றது. பழமையானது என்று நாம் நம்பும் வழக்கங்களுட் சில நம் பாட்டியாரின் வயதே உடையன.

அந்த நூற்றாண்டில் விதை ஊர் ஊராகச் சென்ற வழிகளுள் ஒன்று என் தொழிலோடு தொடர்புடையது. ஆதலின் சற்றே விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த வில்லிஸ் என்பார் காலத்தில், 1901ஆம் ஆண்டளவில், பாடசாலைத் தோட்டத் திட்டம் இலங்கையில் தொடங்கியது. டிறிபேர்க் என்பவர் அத்தோட்டங்களின் மேற்பார்வையாளரானார். 1904ஆம் ஆண்டில் இலங்கை விவசாயச் சங்கமும் 1912ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களமும் தோன்றின. பாடசாலைகளுக்கு மரக்கறி விதைகள் வழங்கப்பட்டன. பிள்ளை பாத்தி கட்டவும் நாற்று நடவும் பழகினான். பூங்காவின் விதை பாடசாலைக்கு வந்தது. பாடசாலையின் நாற்று பிள்ளையின் காற்சட்டைப் பையிலே வீட்டுக்குச் சென்றது என்று சொன்னால் ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். கணக்கேட்டில் ஏறாத இவ்வகை விநியோகத்தை நான் இன்றும் என் பாடசாலைத் தோட்டத்திற் காண்கின்றேன். காணாதது போல் இருந்தும் விடுகின்றேன்.

இனி நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு என்னும் பெயரிலேயே களப்பு இருக்கின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி நம் நாட்டை இரண்டு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரை வயல் நிலம். அங்கே வேளாண்மை என்றால் நெல் ஒன்றே. மற்றைப் பயிரெல்லாம் தோட்டமும் சேனையும் ஆகுமேயன்றி வேளாண்மை ஆகா. எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாடா விரித்தாற்போற் கிடக்கும் மணல். ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று அம்மணலில் ஊர்கள் கோத்த மணிபோல் வரிசையாக இருக்கின்றன. போடியார் வயலுக்குப் படுவான்கரை செல்ல, வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் வளர்த்ததே எழுவான்கரைத் தோட்டத்தின் தொடக்கம். களுதாவளையின் வெற்றிலையும் மரக்கறியும் மணலைத் தோட்டமாக்கும் அக்கலைக்குச் சான்று கூறி நிற்கின்றன.

இம்மணலிற் சில முழம் தோண்டினால் நன்னீர் ஊறும். இரு பக்கமும் உவர்நீர் இருக்க நடுவே நன்னீர் எவ்வாறு வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மாரிமழை மணலினூடாக இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் கனம் குறைந்த நன்னீராக மிதந்து நிற்கின்றது. 1888ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான பாடன் கைபன் என்பவரும், 1901ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேலே ஓர் அடியை இறைத்து முடித்தால் கீழிருந்து நாற்பது அடி உவர்நீர் ஏறிவிடும். துலாவும் பட்டையும் வாளியும் இறைத்த நீர் மணலுக்குத் தெரியாது. மின்பம்பி இறைக்கும் நீர் தெரியும். எழுவான்கரையில் வீட்டளவு தோட்டம் செழித்ததற்கும், அதனைப் பேராசையோடு பெருக்கியவிடத்துக் கிணறு கரித்ததற்கும் இதுவே உட்பொருள்.

நீருக்கு அடுத்தது காற்று. ஆண்டில் 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை நமக்குக் கிடைத்தாலும், அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையிலான வாடைக்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் வீசுவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் தன் மழையையெல்லாம் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகின்றது. கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு வீசும் நாள்களில் வெப்பம் 37 பாகை செல்சியஸை நெருங்குவதுண்டு. உலக வானிலை நூல்களிலும் கச்சான் என்ற பெயரோடே இக்காற்று இடம்பெற்றிருக்கின்றது. நிலக்கடலைக்கும் நாம் கச்சான் என்றே பெயர் சொல்லுகின்றோம். மணலுக்கேற்ற பயிருக்கும் மணலைச் சுடும் காற்றுக்கும் ஒரே பெயர் அமைந்தது நம் நாட்டுப் புதுமை.

கச்சானிலே தக்காளி பூக்கும், காய்க்காது. பகலில் 32 பாகைக்கு மேலும் இரவில் 21 முதல் 24 பாகைக்கு மேலும் வெப்பம் ஏற ஏற மகரந்தம் வலுவிழக்கின்றது; பூ காம்போடு உதிர்கின்றது. தப்பிப் பிழைத்த காயும் செந்நிறம் கொள்ளாது மஞ்சளாய் நின்றுவிடும். சிவப்பைத் தரும் பொருள் 30 பாகைக்கு மேலே உருவாதல் குன்றுகின்றது என்பது காரணம். ஆகவே எழுவான்கரைத் தக்காளிக்குக் காலம் ஒன்றே. கார்த்திகைக் கடைசியில் நாற்றுமேடை, மார்கழிப் பிற்பகுதியில் நடுகை, தையிற் பூ, மாசி முடிந்து பங்குனியிற் பழம். நம் இரவுகள் ஓரளவு குளிர்ந்திருப்பது அந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே. இக்காலத்தை எந்த நூலும் நம் பெண்களுக்குச் சொல்லவில்லை. பூ உதிர்ந்த ஆண்டுகளே சொல்லிக்கொடுத்தன.

வெறும் மணலுக்கு இரண்டு குறைகள்: நீர் தங்காது, எரு தங்காது. இரண்டையும் நம்மவர் ஒரே குழியிலே தீர்த்தனர். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியிலே தேங்காய்ப் பொச்சை நார்ப்பக்கம் மேலாக அடுக்குவர். ஊறிய பொச்சு தன் எடையிற் பன்மடங்கு நீரைப் பிடித்து வைக்கும்; தென்னந்தோட்டங்களிற் பொச்சுக் குழி வெட்டி மரத்துக்கு ஈரம் காத்த அறிவே இங்கு சிறு குழிக்கு இறங்கியது. அதன்மேல் உலர்ந்த மாட்டெருவும் குப்பை மண்ணும், அதன்மேல் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பரும் இடுவர். சாம்பரின் பொட்டாசியம் பழத்தின் புளிப்பைக் கூர்மையாக்கும். எரு மிகுந்தால் இலை செழித்துக் காய் குன்றும்; அதனால் அளவாக இட்டுப் பூத்தபின் மறுபடி இடுவர். பழத்தின் அடி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்து பழத்தைச் சென்று சேராமையால் வருவது. அதற்குச் சிப்பிச் சுண்ணாம்பு சிறிது இடலாம். ஆனால் பெரும்பாலும் நோய்க்குக் காரணம், நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றும் கையே. மணலிற் காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை.

நாற்றை நடும்போது தண்டின் கீழ்ப்பாதி மண்ணுள் மறையுமாறு ஆழ நடவேண்டும். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர்விடும் இயல்பினது. ஆழ்ந்த வேர் சுடும் மேல்மணலுக்குக் கீழே ஈரத்தைத் தேடிக்கொள்ளும். நட்டபின் மண்ணை மூடுதற்கு வைக்கோலோ காய்ந்த ஓலையோ பயன்படும். வாவியில் மிதக்கும் ஆற்றுவாழையை வாரி உலர்த்தி இடுவதும் நன்று. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. அதனை ஒழிப்பதற்கு 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். ஆற்றுவாழை சட்டத்தை மதிக்கவில்லை. பிற்பகல் வெயிலைத் தடுக்க மேற்குப் பக்கம் ஒரு கிடுகு சாத்தினாற் போதும். தென்னையின் சல்லடை நிழல் அதனினும் மேலானது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி நம் தென்னைகளை முறித்தபோது, தேங்காயோடு வளவின் நிழலும் ஒரே இரவில் போயிற்று. கத்தரியும் மிளகாயும் முன்பு நின்ற இடத்தில் உடனே தக்காளியை நடாமை நன்று. வாடல் நோயின் கிருமி மண்ணிற் காத்திருக்கும்.

சுவை என்பது யாது? சர்க்கரையும் புளிப்பும் தம்முள் ஒத்து நிற்பதும், அவற்றின்மேல் மணம் ஏறுவதுமே தக்காளியின் சுவை. புளிப்பிலும் கறிக்கு உரம் தரும் சத்திலும் மிகுதி, விதையைச் சூழ்ந்த கூழிலே இருக்கின்றது. நம் ஊர்த் தக்காளி வரி வரியாகப் பிளந்து, தோள் பச்சையாய், உள்ளே பல அறைகளும் நிறையக் கூழுமாக இருந்தது. பார்வைக்குக் கோணல், ஒரு பழம் பிசைந்தால் ஒரு சட்டி சொதிக்குப் போதும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நீரைக் குறைப்பது பழைய வழக்கம். செடி சற்றே தாகம் கொள்ளும்போது பழம் சிறுக்கும், சாரம் செறியும்.

வாவியோரக் கிணறு மாசி பங்குனியில் இலேசாகக் கரிக்கத் தொடங்கும். அந்நீரை ஊற்றிய பாத்தியின் பழம் சிறுத்து இனித்தது என்று முதியோர் சொன்னால் அதனைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாகாது. உப்பு வேரின் நீருறிஞ்சலைச் சற்றே தடுக்கின்றது, விளைவு குறைகின்றது, பழத்திற் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. இத்தாலியின் சிசிலித் தீவில் பக்கீனோ என்னும் கடலோர ஊரின் தக்காளி, உவர் கலந்த கிணற்றுநீரால் வளர்ந்து பெற்ற சுவைக்காகவே பெயர் பெற்றது. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வூர்ப் பெயருக்குச் சட்டக் காவலும் தந்தது. இசுரேலின் நெகேவ் பாலையிலும் உவர்நீர்த் தக்காளி இனிப்புக்காக விரும்பி வாங்கப்படுகின்றது. நாம் குறையென்று கருதும் ஒன்றைப் பிறர் பெயர்ப்பலகை எழுதி விற்கின்றனர். அளவு கடந்தால் செடியே கருகும் என்பதையும் உடன் சொல்லவேண்டும். கரிப்பு நாவுக்கு நன்றாகத் தெரியும் நீர் தக்காளிக்கு ஆகாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டுத்தோட்டம் நாட்டின் கடமையாயிற்று. பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்ற 1942ஆம் ஆண்டிலே, ஏப்பிரல் 9ஆம் நாள், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் மட்டக்களப்புக் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டது. பின்னர் 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் வளவுகள் பசுமை பெற்றன. தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் தோட்டத்தை நினைத்தோம். தட்டுப்பாடு நீங்கியதும் மறந்தோம். இவை இரண்டும் அடிக்கடி எழுதப்பட்டவை, விரிக்க வேண்டுவதில்லை.

அதிகம் எழுதப்படாதது சுவை நீங்கிய வரலாறு. 1930ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், தோள் பச்சையின்றி முழுவதும் ஒரே வண்ணமாகப் பழுக்கும் தக்காளிச் செடி ஒன்று கவனத்துக்கு வந்தது. எப்போது பறிப்பது என்று அறிய இலகுவாயிருந்தமையாலும் பார்வைக்கு அழகாயிருந்தமையாலும், அப்பண்பு பின்வந்த வகைகள் பலவற்றிற் புகுத்தப்பட்டது. எண்பது ஆண்டு கழித்து, 2012ஆம் ஆண்டிலே, அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதன் விலையைக் கண்டனர். தோளின் பச்சை வெறும் பச்சையன்று. காயே தனக்குச் சர்க்கரை ஆக்கிக்கொள்ளும் சிறு அடுப்பு அது. அழகுக்காக அவ்வடுப்பை அணைத்துவிட்டோம். தமிழ்நாட்டின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1978ஆம் ஆண்டில் அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 தக்காளி, தட்டையான உருவும் பச்சைத் தோளுமாய் இன்றும் மதிப்புப் பெற்றிருப்பது ஆறுதல் தருகின்றது.

நம் நாட்டிலோ 1999ஆம் ஆண்டில் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின், எப்பக்கத்து மரக்கறியும் அங்கே சென்று மீண்டும் லொறியேறி வருவது வழக்கமாயிற்று. லொறியிற் பயணம் செய்வதற்குத் தடித்த சுவரும் குறைந்த கூழும் உள்ள பழம் வேண்டும். அதுவும் முற்றிய காயாகவே பறிக்கப்படவேண்டும். வழியிற் சிவந்த பழம் கொடியிற் சிவந்த பழம் ஆகாது. வீட்டுக்கு வந்தபின் குளிர்ப்பெட்டியில் வைக்கின்றோம். ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழே பழத்தின் மணம் கெடுகின்றது. எஞ்சியிருந்ததும் அங்கே போய்விடுகின்றது. வணிகரை நான் குறைகூற மாட்டேன். அவர் பழத்தைச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர்த்தார். சுவையைக் கொண்டுவருமாறு நாம் அவரிடம் கேட்டதில்லை.

ஆராய்ச்சியும் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. விவசாயத் திணைக்களம் வாடல் நோயைத் தாங்கும் கே.டபிள்யூ.ஆர். என்னும் வகையையும், பின்னர் திலின, மகேஷி முதலியவற்றையும் தந்தது. வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்திலே 1981ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் விவசாய பீடம், இதே மட்டக்களப்பு மணலில் தக்காளியை நட்டு நீரையும் நிழலையும் எருவையும் சோதித்து வந்திருக்கின்றது. எங்கோ ஒரு நாட்டின் களிமண்ணுக்கு எழுதிய முறையைப் படித்துக் கைசுடுவதைக் காட்டிலும் இவற்றைக் கேட்டறிவது மேல்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையை மூடி வடிந்தபின், கிணறுகள் உவர்த்தன. துப்புரவு செய்யும் நல்லெண்ணத்தோடு பம்பி வைத்து இறைத்த கிணறுகள் சில மேலும் உவர்த்தன; கைபன் கண்ட கணக்கு அங்கே மெய்யாயிற்று. மணலை மீட்டது மாரியே. மழை பெய்து பெய்து உப்பைக் கீழே தள்ள ஓராண்டுக்கு மேற் சென்றது. அதன் பின்னர் நீர் திரும்பியது, விதை திரும்பவில்லை. 1990ஆம் ஆண்டிலும் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்களுக்கும் அதே இழப்பு நேர்ந்தது. பிள்ளையையும் உறுதிக்கடுதாசியையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் இறப்பிற் செருகியிருந்த விதைப்பொதியை நினைத்திருப்பாரா? வெற்று வளவுக்கு மீண்டவருக்குக் கடையில் வாங்கும் பைக்கற்று விதையே கிடைத்தது. அது கலப்பின விதையாயின், அதன் பழத்திலிருந்து எடுத்த விதை மறுமுறை தாயைப்போற் காய்க்காது; ஒவ்வோர் ஆண்டும் கடைக்கே செல்லவேண்டும்.

ஆயினும் எழுவான்கரை வளவுகளில், கிணற்றடியிலும் குப்பைமேட்டிலும், தானாக முளைத்த கோணல் தக்காளி ஒன்று இன்னமும் ஆங்காங்கே தென்படுகின்றது. அத்தகைய செடி நின்றால் அதனைக் களையென்று பிடுங்கிவிடாதிருக்குமாறு நேயர்களை வேண்டுகின்றேன். தக்காளி பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும் செடி. ஆதலால் வீட்டு விதை தலைமுறை தோறும் மாறாது நிற்கும். நோயில்லாத செடியில் இரண்டாம் மூன்றாம் கொத்தின் நல்ல பழத்தைக் கொடியிலேயே நன்றாகக் கனியவிட்டுப் பறித்து, விதையைக் கூழோடு மட்சட்டியிற் பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடவேண்டும். கூழ் கரைந்து நல்ல விதை அடியிலே தங்கும், பதர் மிதக்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பருடன் கலந்து, காற்றுப்புகாத போத்தலில் இட்டு, ஆண்டையும் வளவின் பெயரையும் எழுதி வைக்கவேண்டும். வாவிக்காற்றின் ஈரம் விதைக்குப் பகை. சாம்பர் அதனை வாங்கிக்கொள்ளும். பங்குனியில் எடுத்த விதை கார்த்திகை வரை எட்டு மாதம் கச்சானைக் கடந்து அங்கே கிடக்கும். மழை சற்றே ஓய்ந்த ஒரு காலையில், கிடுகு வேய்ந்த நாற்றுமேடையில் விரல் நகத்தின் ஆழத்துக்கு அதனைத் தூவி, ஒரு விதைக்கும் மறு விதைக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மெல்ல நீர் தெளித்தாற் போதும். ஒரு வாரத்தில் முளை காணும்.